வெற்றிகரமான ரத்தம்

நெருப்பைக் கண்டுபிடித்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவரும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். இருவரிடமும் ஒரு மக்கள் தொடர்பு அதிகாரி இல்லாமல் போனதுதான் காரணம். அந்தத் தவறு இனியும் நடக்கக் கூடாது என்று தீர்மானித்த எங்கள் ஆய்வு நிலையம், எச்.ஐ.வி. தடுப்பூசியைக் கண்டுபிடிப்பதற்கு முன்பாகவே என்னைக் கண்டுபிடித்து வேலையில் அமர்த்திக்கொண்டது. மனிதகுலத்தின் மகத்தான முன்யோசனைகளில் இதற்கு முதலிடம் தரவேண்டும் என்பது என் பணிவான கருத்து.

தடுப்பூசி இன்னும் வந்தபாடில்லை. அதனால் என்ன குறைந்துவிட்டது? அறிக்கைகள் தவறாமல் வருகின்றன. "இன்னும் ஐந்தாண்டுகளில் தடுப்பூசி மக்கள் கைக்கு வந்துவிடும்" என்ற வாக்கியத்தை எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் எழுதிவைத்தார். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். வாக்கியம் இன்னும் பணியில் இருக்கிறது.

எங்கள் நிலையத்தின் தனிச்சிறப்பு அதன் இரண்டு குழுக்கள். மேல்மாடியில் நம்பிக்கைக் குழு. குளிர்சாதன வசதி உண்டு. தலைவர் எங்கள் இயக்குநர். கீழ்த்தளத்தில், ஜெனரேட்டர் அறையை ஒட்டினாற்போல், கவலைக் குழு. தலைவர் துணை இயக்குநர் அம்மையார். நான் எழுதும் ஒவ்வொரு வரியும் மேலே போய்க் கீழே வந்த பிறகே வெளியே போகும். "இது மாபெரும் முன்னேற்றம்" என்று மேலே எழுதிக் கொடுத்தால், கீழே இறங்கி வரும்போது அது "இது மாபெரும் முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு என்றாலும்" என்று ஆகியிருக்கும். என்றாலும் என்ன என்பதை இதுவரை எந்தப் பத்திரிகையும் கேட்டதில்லை. இதற்கு நாங்கள் 'சமநிலை' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

வேலை கடினமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கிருமி லேசுப்பட்டதல்ல. உடம்பைக் காக்கிற அணுக்களுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும். போதாததற்கு அடிக்கடி முகத்தை வேறு மாற்றிக்கொள்ளும். இதைத் துரத்துகிற வேலையில் தலைமை விஞ்ஞானி தலையில் பாதி முடியை இழந்துவிட்டார். அவரை நாங்கள் மரியாதையாகக் 'கண்டுபிடிக்கப்போகிறவர்' என்று அழைப்போம். ஒரு கூட்டத்தில் அவர் மனம் உடைந்து சொன்னார்:

"நேத்துப் பார்த்த முகம் இன்னைக்கு இல்ல சார். அவன் மாறிக்கிட்டே இருக்கான்."

"நாம?" என்று கேட்டார் இயக்குநர்.

"நாம அப்படியேதான் இருக்கோம்."

"அதுதான் நம்ம பலம்," என்றார் இயக்குநர். அன்றைய அறிக்கைக்கு அதுவே தலைப்பானது.

இப்படியிருக்க, ஒரு நாள் உண்மையாகவே ஓர் ஊசி தயாராகிவிட்டது. யாரும் எதிர்பார்க்கவில்லை. அதில் கிருமி கிடையாது. கிருமியின் மேல்தோற்றத்தைப் பார்த்துச் செய்த ஒரு சிறு நகல்தான் உண்டு. உடம்பு அந்த நகலைப் பார்த்துப் பழகிக்கொண்டால், அசல் வரும்போது அடையாளம் தெரிந்து விரட்டும். விரட்டுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு ஆரோக்கியமான ஆட்கள் வேண்டும். விளம்பரம் கொடுத்தோம். இலவசப் பரிசோதனை என்றோம். வந்தவர்கள் எல்லாரும் 'எச்.ஐ.வி.' என்ற மூன்றெழுத்தைப் பலகையில் படித்ததும், பக்கத்துக் கட்டடத்துக்கு வழி கேட்க வந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"முன்மாதிரியா நம்ம ஊழியர் குடும்பத்துல இருந்து ஆரம்பிப்போம்," என்று இயக்குநர் சுற்றறிக்கை விட்டார். அந்த வாரமே ஊழியர்களில் பலருக்கு ஒவ்வாமை இருப்பது தெரியவந்தது.

நான் மட்டும் கடமை தவறாமல் வீட்டில், சாப்பாட்டு மேஜையில், ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். விஞ்ஞானம், தியாகம், வருங்காலத் தலைமுறை என்று எதையும் விடவில்லை. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையிலேயே அவளுக்கு ரத்த அழுத்தம் இருப்பது விளங்கியது. எனக்கும் இருக்கும் என்று சேர்த்துச் சொன்னாள். மேஜையின் மறுபக்கத்தில் என் நாலு வயது மகனுக்கு ஊட்டிக்கொண்டிருந்த என் தங்கை மட்டும் நிமிர்ந்தாள்.

"நான் போட்டுக்கறேன் அண்ணா."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிக்க என்ன இருக்கு? அவ போனப்பவே யோசிச்சாச்சு."

அவள் சொன்னது தன் கல்லூரித் தோழியைப் பற்றி. தாலி கட்டியவனிடமிருந்து வந்த நோயில் அந்தப் பெண் போய்ச் சேர்ந்தாள். கடைசி நாட்களில் சொந்த வீட்டிலேயே அவள் தட்டை யாரும் தொடவில்லை. இவள் தினமும் போய் ஊட்டிவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். இதையெல்லாம் அறிக்கையில் சேர்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். எனக்கு வருத்தம்தான்; நல்ல இரண்டு பத்தி வீணாகிவிட்டது.

என் தங்கை வேலை பார்ப்பதும் எங்கள் நிலையத்தில்தான். பின்கட்டில் ஊழியர்களின் குழந்தைகளுக்காக ஒரு காப்பகம் இருக்கிறது. அதன் பொறுப்பாளர் அவள். குட்டை நாற்காலிகள், சுவரில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கிக்கும் மேலே ஒரு படம். மீன் படத்தில் இயக்குநரின் பேத்தி பை மாட்டுவாள். பட்டம், குடை இரண்டும் கண்டுபிடிக்கப்போகிறவரின் இரட்டையர்கள். பஸ் என் மகனுடையது. விஞ்ஞானிகள் மேலே கிருமியோடு மல்லுக்கட்டும்போது, கீழே அவர்கள் பெற்றதுகளின் மூக்கைத் துடைத்து, சண்டையை விலக்கி, தூங்கவைப்பவள் என் தங்கை. பிள்ளைகளுக்கு அவள் 'மிஸ்'. என் மகனுக்கு மட்டும் காலையில் மிஸ், மாலையில் அத்தை.

ஊசி போட்டுக்கொண்டாள். ஒரு நாள் கை வலித்தது. மறுநாள் வழக்கம்போல இரட்டையரைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நுழைவாயிலில் ஆளுயரத்துக்கு அவள் படத்தை வைத்தோம். 'அச்சமற்றவர்' என்ற வாசகம் என்னுடையது. கவலைக் குழு அதை 'அச்சம் குறைந்தவர்' என்று திருத்தப் பார்த்தது. இயக்குநர் என் பக்கம் நின்றார்.

சில மாதங்களில் முதல் முடிவு வந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்கள் உடம்பில் எதிர்ப்புப் பொருள் நன்றாகவே உண்டாகியிருந்தது. எல்லாரையும்விட என் தங்கைக்கு அதிகம். கண்டுபிடிக்கப்போகிறவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்க ரத்தம் மாதிரி ரத்தம் நான் பார்த்ததே இல்லம்மா," என்றார். கண் கலங்கியிருந்தது. கேக் வெட்டினோம். இந்த எதிர்ப்புப் பொருள் அசல் கிருமியைத் தடுக்குமா என்பது இன்னும் தெரியாது என்று கவலைக் குழு நினைவூட்டியது. தெரியாததைக் கொண்டாடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை என்று நம்பிக்கைக் குழு பதிலளித்தது. கேக் இரு தளத்துக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது.

இந்த இடத்தில் எங்கள் நிர்வாகத்தின் ஒழுங்கைப் பாராட்டாமல் இருக்க முடியாது. காப்பக ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. விதி தன் கடமையைச் செய்தது. வெளியே ஒரு பரிசோதனைக்கூடத்தில் என் தங்கையின் ரத்தத்தை எடுத்தார்கள். 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று பதில் வந்தது.

வாசகர்கள் பதற வேண்டாம். சாதாரணப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்க்கிற பொருளைத்தான் தேடும். ஊசி வேலை செய்தால் அந்தப் பொருள் இருக்கத்தானே செய்யும்? வாசலில் காவலாளி நிற்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே திருடன் இருப்பதாகப் புகார் கொடுப்பதைப் போன்றது இது. கிருமியையே நேரடியாகத் தேடுகிற பரிசோதனை தனியாக உண்டு. அதை எங்கள் கூடத்திலேயே கண்டுபிடிக்கப்போகிறவர் தன் கையால் செய்தார். கிருமி இல்லை. மறுபடி செய்தார். இல்லவே இல்லை. இப்படியெல்லாம் நடக்கும் என்று ஊசி போடும் முன்பே அவர்தான் என் தங்கைக்கு விளக்கிச் சொல்லியிருந்தார். படம் வரைந்துகூடக் காட்டினார்.

ஆகவே பிரச்சினை எதுவும் இல்லை. அடுத்த நாள் காலையில் பட்டமும் குடையும் வரவில்லை.

தாழ்வாரத்தில் கண்டுபிடிக்கப்போகிறவரைப் பிடித்தேன்.

"இரட்டையருக்கு உடம்பு சரியில்லையா சார்?"

"நல்லாத்தான் இருக்காங்க."

"பின்னே?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இங்க பாருங்க. ஒரு விஞ்ஞானியா என்னைக் கேட்டீங்கன்னா, உங்க தங்கச்சிகிட்ட ஒண்ணுமே இல்ல. நானே பார்த்தேன்."

"ஆமா சார்."

"ஒரு அப்பாவா கேட்டீங்கன்னா, நீங்க கேட்காம இருக்கறது நல்லது."

ஒரே மனிதருக்குள் இரண்டு பேர் இத்தனை சுமுகமாகக் குடித்தனம் நடத்துவதை நான் அன்றுதான் கண்டேன். மதியத்துக்குள் விஷயம் நிலையம் முழுவதும் தெரிந்துவிட்டது. பரிசோதனை முடிவின்மேல் 'ரகசியம்' என்று சிவப்பு முத்திரை குத்தியிருந்ததால், யாருக்கும் அதைத் தேடுவதில் சிரமம் இருக்கவில்லை. மீன் போனது. நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் உறவினர் வீட்டு விசேஷம் வந்தது. வார இறுதியில் கொக்கிகளில் தொங்கியது ஒரே ஒரு பை. பஸ்.

நுழைவாயில் படத்தை என்ன செய்வது என்று இயக்குநரிடம் கேட்டேன்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றார். "படம் யாரையும் தூக்கி வச்சுக்காது."

வீட்டில் என் மனைவி விஷயத்தை நியாயமாகவே பேசினாள்.

"உங்க தங்கச்சி மேல எனக்கு உயிர். அது உங்களுக்கே தெரியும். நாத்தனாரும் அண்ணியும் மாதிரியா நாங்க பழகறோம்? ஆனா எல்லாரும் பிள்ளைங்களை நிறுத்தும்போது நாம மட்டும் அனுப்பினா, நம்மளை ஒரு மாதிரி பார்க்க மாட்டாங்களா?"

"டாக்டருங்களே ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்களே."

"அந்த டாக்டருங்க பிள்ளைங்க எங்க?"

இதற்கு எந்தக் குழுவிடமும் விடை கிடையாது. ஆனால் நான் சமநிலையில் பயிற்சி பெற்றவன். மகனைக் காலையில் மட்டும் காப்பகத்துக்கு அனுப்பி, மதியம் சாப்பாட்டுக்கு முன் அழைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அரை நாள் நம்பிக்கை, அரை நாள் கவலை. இதைவிட நேர்த்தியாக இந்தச் சிக்கலை யாராலும் தீர்த்திருக்க முடியாது.

மதியம் நான் போனபோது என் தங்கை காலியான அறையில், மகனை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு பஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு டிரைவர் இல்லை போலிருக்கிறது. அவன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். நான் அவன் பையை எடுத்ததும் அவள் கதையை நிறுத்தினாள்.

"சாப்பாடு நான்தானே அண்ணா எப்பவும் ஊட்டுவேன்?"

"சும்மா கொஞ்ச நாளைக்கு. ஒரு ஏற்பாடு."

"காலைல ஒட்டாதது மதியம் ஒட்டிக்குமா?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பொறுப்பான அதிகாரிகள் இம்மாதிரி சமயங்களில் அதைத்தான் பார்ப்பார்கள்.

பிறகு நிலையத்தின் சரித்திரத்திலேயே முதல் முறையாக இரு குழுக்களும் ஒன்றாகக் கூடின. மேலே கூடுவதா கீழே கூடுவதா என்ற விவாதம் முடிந்து, மாடிப்படி திரும்பும் இடத்தில் இருக்கும் நூலகத்தில் கூடினோம். பொருள் என்ன என்பதிலும் இழுபறி. 'பாசிட்டிவ்' என்ற சொல் வேண்டும் என்றது கவலை. 'வெற்றி' என்ற சொல் வேண்டும் என்றது நம்பிக்கை. 'காப்பகப் பொறுப்பாளரின் வெற்றிகரமான ரத்தம் குறித்து' என்று நான் எழுதிக் கொடுத்ததை இரு தரப்பும் மேஜையைத் தட்டி ஏற்றன.

என் தங்கையை அழைத்து உட்காரவைத்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி காலியாக விடப்பட்டது. மூன்றாவதில் எங்கள் ஆலோசகர் அக்கா வந்து உட்கார்ந்தார்; உட்கார்ந்தவர் எழுந்து, நாற்காலியை இழுத்து அவளை ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

இந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோயாளிகளோடு பேசித் தைரியம் கொடுப்பது அவர் வேலை. அவருக்கே நெடுங்காலமாக எச்.ஐ.வி. உண்டு. தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு, மகளைப் பெற்று வளர்த்துப் படிக்கவைத்து, எங்களில் பலரைவிடத் திடமாக மாடிப்படி ஏறுகிறார். எங்கள் வெளியீடுகள் எல்லாவற்றிலும் அட்டைப்படம் அவர்தான். 'அரவணைப்பே மருந்து' என்று அதன் கீழே இருக்கும். கூட்டங்களில் எங்களுக்கெல்லாம் பீங்கான் கோப்பையில் தேநீர் வரும். அவருக்குக் காகிதக் கோப்பை. சுற்றுச்சூழல் அக்கறை என்று நினைக்கிறேன்.

இயக்குநர் ஆரம்பித்தார். "நீ ஒரு வீராங்கனை. அதுல இங்க யாருக்கும் மாற்றுக் கருத்து இல்ல. வீராங்கனைக்கு ஓய்வு கொடுக்கறது நம்ம கடமை."

"எனக்கு ஓய்வு வேண்டாம் சார். பிள்ளைங்க வேணும்."

"பிள்ளைங்க கடிப்பாங்கம்மா," என்றார் துணை இயக்குநர் அம்மையார், மிகுந்த கவலையோடு.

"ஆமா மேடம். கடிக்கறது அவங்கதான். நான் இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்ல."

கண்டுபிடிக்கப்போகிறவர் குறுக்கிட்டார். "ஒரு விஞ்ஞானியா நான் சொல்லிடறேன். இவங்களுக்கு அறவே கிருமி இல்ல. இதை எழுத்துல தரவும் தயார்."

"அப்ப நாளைக்கு ரெண்டு பேரையும் அனுப்பி வைங்க சார். பட்டத்தோட பசை டப்பா இங்கயே கிடக்கு."

அவர் தண்ணீர் குடித்தார்.

அப்போது ஆலோசகர் அக்கா காகிதக் கோப்பையை நகர்த்திவைத்தார். "ஒரு சந்தேகம். இந்தப் பொண்ணுக்கு இல்லை இல்லைன்னு நிரூபிக்கறதுலயே எல்லாரும் குறியா இருக்கீங்க. சரி. இருந்தா என்ன பண்ணுவீங்க?"

இயக்குநர் பேனாவை மூடிவைத்தார். அக்கா விடவில்லை.

"மூக்கைத் துடைச்சா ஒட்டுமா? ஊட்டினா ஒட்டுமா? மடியில படுக்க வச்சா ஒட்டுமா? இதையெல்லாம் ஊர் ஊராப் போய்ச் சொல்லத்தானே எனக்குச் சம்பளம் தர்றீங்க?"

"அது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை," என்றார் அம்மையார்.

"என்னைக்கு வரும்னு சொல்லுங்க, காத்திருக்கேன். எனக்கு இந்த ஊசி வரணும் மேடம். என் பொண்ணு காலத்துலயாவது யாரும் தினமும் மாத்திரை எண்ண வேண்டாம். அதுக்காகத்தான் இந்தக் காகிதக் கப்புல இத்தனை வருஷம் டீ குடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்."

எனக்கு ஏனோ என் பீங்கான் கோப்பையை மேஜைக்குக் கீழே வைக்கத் தோன்றியது. தரையில் இடமில்லை.

பிறகு என் தங்கை, சின்னக் குழந்தையிடம் பேசுகிற அதே பொறுமையோடு, இயக்குநரைக் கேட்டாள்:

"சார், இந்த ஊசி ஜெயிச்சா என்ன செய்வீங்க?"

"ஊர் முழுக்கப் போடுவோம்." இயக்குநரின் முகம் மலர்ந்தது. இது அவருக்குத் தெரிந்த பாடம். "நாடு முழுக்கப் போடுவோம். உலகம் முழுக்க."

"போட்டுக்கிட்டவங்க எல்லார் ரத்தமும் என் ரத்தம் மாதிரிதானே காட்டும்?"

இயக்குநர் கண்டுபிடிக்கப்போகிறவரைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அநேகமா," என்றார்.

"அப்ப பிள்ளைங்களை யார்கிட்ட சார் விடுவீங்க?"

என் பணிக்காலத்தில் நம்பிக்கைக் குழு கவலைப்பட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். இயக்குநர் என் பக்கம் குனிந்து, "இது ஜெயிக்கறதுல இவ்வளவு சிக்கல் இருக்குன்னு என்கிட்ட ஏன்யா யாரும் சொல்லலை?" என்று கேட்டார். இவ்வளவு நாளும் ஊசியை ஜெயிக்கவிடாமல் பார்த்துக்கொண்ட கிருமியின்மேல் அவருக்கு ஒரு புது மரியாதை வந்திருந்தது முகத்தில் தெரிந்தது.

ஆனாலும் அவர் இளகிய மனதுக்காரர். விதிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதில் வழி இருந்தது. ஒரே ஒரு குழந்தை முழு நாளும் வந்தால்கூடக் காப்பகத்தை மூடக் கூடாது; பொறுப்பாளரை மாற்றவும் கூடாது.

"ஒரு குழந்தை போதும்," என்றார் இயக்குநர், பெருமூச்சோடு. "அதுதான் வந்துக்கிட்டு இருக்கே. நம்ம அதிகாரியோட பையன்."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. ஆலோசகர் அக்கா சிரித்தார். என் தங்கையும் பார்த்தாள். சின்ன வயதில், பள்ளிக்கூட வாசலில், நான் வந்து கூட்டிக்கொண்டு போவேன் என்று நிற்பாளே, அந்த முகம்.

நான் எழுந்து நின்றேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "காப்பகத்தின் சேவையில் எனக்குள்ள ஆழ்ந்த நம்பிக்கையை இந்த அவையில் பதிவுசெய்ய விரும்புகிறேன். என்றாலும்," என்றேன்.

"என்றாலும்?" என்றார் ஆலோசகர் அக்கா. அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"அரை நாள்னா அனுப்பறேன்."

அம்மையார் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு முறைக்கு இரு முறை பார்த்தார். "அரைக் குழந்தையை வச்சுக் காப்பகம் நடத்த விதியில இடமில்லையே," என்றார். அவருக்கும் வருத்தம்தான்.

காப்பகம் மூடப்பட்டது. இரு குழுக்களும் ஒருமனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம் என்ற வகையில் அதற்குச் சரித்திர முக்கியத்துவம் உண்டு. என் தங்கைக்குப் பழைய கோப்புகள் இருக்கும் அறையில் ஒரு கௌரவப் பதவியும், சுழல்நாற்காலியும் ஒதுக்கப்பட்டன. அவள் எழுந்து, தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள்.

"உனக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?" என்று கேட்டேன்.

"இல்லைங்க சார்," என்றாள்.

அலுவலகத்தில் உறவு முறை சொல்லிக் கூப்பிடாதே என்று அவளுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். அன்றுதான் கேட்டாள்.

சுழல்நாற்காலியில் அவள் உட்காரவே இல்லை. ஆலோசகர் அக்காவும் சில பெண்களுமாகச் சேர்ந்து நகரத்தின் மறுகோடியில் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்துகிறார்கள். அங்கே சில பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே கிருமி உண்டு. சில பிள்ளைகளுக்கு இல்லை. யார் யாருக்கு என்று கேட்டால் சொல்ல மாட்டார்களாம். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். 'எங்கள் தன்னார்வலர் புதிய உயரங்களைத் தொட்டார்' என்று ஓர் அறிக்கை எழுதினேன். மேலேயும் கீழேயும் ஒரு திருத்தமும் இல்லாமல் வந்தது. என் மகன் மட்டும் அத்தை எப்போது வருவாள் என்று சாப்பாட்டு மேஜையில் கேட்கிறான். பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்.

இப்போது இரண்டாம் கட்டச் சோதனை. இன்னும் நிறைய ஆட்கள் வேண்டும். தொலைபேசி எண் என் மேஜையில். பல நாள் மணி அடிக்கவில்லை. நேற்று அடித்தது. சலூன் வைத்திருப்பவராம். நிதானமான குரல்; பின்னால் கத்தரிக்கோல் சத்தம்.

"விளம்பரம் பார்த்தேன் சார். எங்க அண்ணன் இந்த நோய்லதான் போனாரு. என்னால ஏதாவது ஆகும்னா செய்யலாம்னு பார்க்கறேன். ஊசி பாதுகாப்பானதுதானே?"

"முற்றிலும் பாதுகாப்பானது," என்றேன். குழுக்கள் ஒப்புக்கொண்ட வாசகம் என் முன்னால் இருந்தது. "என் சொந்தத் தங்கையே போட்டுக்கிட்டா."

"அப்படியா? இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்ல ஆரோக்கியமா இருக்கா. ஒரு குறையும் இல்ல."

"கேட்கவே சந்தோஷமா இருக்கு சார். எனக்குக் கத்தி பிடிக்கற தொழில். ஊசி போட்டுக்கிட்டது தெரிஞ்சா கடைக்கு ஆள் வருவாங்களான்னு ஒரு யோசனை. அதான், போட்டுக்கிட்டவங்ககிட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டா தைரியமா இருக்கும். உங்க தங்கச்சிகிட்ட கொஞ்சம் பேசலாமா?"

வாசகம் எழுதிய காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன்.

"அவ இப்ப எங்ககிட்ட பேசறதில்லைங்க."

மறுமுனையில் கத்தரிக்கோலின் சத்தம் நின்றது. "அய்யோ. ஊசியினாலயா சார்?"

"ஊசி அவளை ஒண்ணும் பண்ணலைங்க," என்றேன். "நாங்கதான் பண்ணினோம்."